இல்லாத கறை

இன்று சாயங்காலம் கடையைத் தம்பி பொறுப்பில் விடுவதாக மாமாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்த வாக்கை நான் மாற்றியதில்லை. மாற்றும் நாள் ஒன்று வரும் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால், அவர்களை வாசலோடு அனுப்பியிருப்பேன்.

கடை என்றால் சலவை நிலையம். அப்பா தொடங்கியது, அவருக்குப் பின் நான் நடத்துவது. உணவகங்கள், தங்கும் விடுதிகள், மருத்துவமனைகள் எல்லாம் எங்களிடம்தான் துணி போடும். துவைத்து உலர்ந்த ஒவ்வொரு துணியும் கறை மேசையில் விரிக்கப்பட்டு, என் கண்ணைக் கடந்துதான் வெளியே போகும். குழம்புக் கறையா, மருந்துக் கறையா, துருவா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனாலும் அதற்காகச் சொல்லவில்லை.

சில மாதங்களாக வாடிக்கைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கட்டுகளை ஏற்றிப் போய்க் கொடுத்துவருவது தம்பி. ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு வந்து ஒரே பாட்டைப் பாடினான்.

"அவங்களும் சொந்தமா மெஷின் வாங்கிட்டாங்க அக்கா. காலம் மாறிப்போச்சு. நீ இனிமே ஓய்வெடு, நான் பாத்துக்கறேன்."

சரி, அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. இனி அவன் பாடு என்று நினைத்தேன். போன வாரம் மாமாவைக் கூப்பிட்டு நாளும் குறித்தேன்.

இன்று மத்தியானம்தான் என் சிநேகிதி வந்து நின்றாள். நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊசி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

"கிளம்பு. இன்னைக்கு வெளியில சாப்பிடறோம். மலேசியச் சாப்பாடு."

"எந்தக் கடை?"

சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. எங்களிடம் துணி போட்டுக்கொண்டிருந்த உணவகம். முதலில் கழன்றதும் அதுதான்.

"சொந்த மெஷின் வாங்கின மகராசிங்க. அங்க போய்ச் சாப்பிடணுமா?"

"அவங்க மெஷின் வாங்கினா உனக்கென்ன, விமானம் வாங்கினா உனக்கென்ன? சோறு நல்லா இருக்கும். வா."

போனேன். உண்மையைச் சொன்னால், சோற்றுக்காகப் போகவில்லை. எப்படித்தான் துவைக்கிறார்கள், பார்த்துவிடுவோமே என்றுதான் போனேன்.

நல்ல இடம். ஜன்னலோரம் வெயில் சாய்ந்து விழ, வெள்ளை விரிப்புகள் பளிச்சென்று கிடந்தன. ஊசி எனக்கும் சேர்த்தே சொல்லிவிட்டாள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு வந்தது. மேலே வறுத்த நெத்திலி, வேர்க்கடலை. பக்கத்தில் சிவக்கச் சிவக்கச் சம்பல். ரெண்டாங் என்று ஓர் இறைச்சி, தேங்காய்ப்பால் வற்றும்வரை அடுப்பில் கிடந்து கறுத்து, தொட்டால் நார் நாராகப் பிரிந்தது.

என் நாக்குக்கு முன்னால் என் கண் வேலையை ஆரம்பித்தது. சம்பலில் மிளகாயும் எண்ணெயும். வெந்நீர் பட்டால் நூலுக்குள் இறங்கிக்கொள்ளும். ரெண்டாங்கில் மஞ்சள், சோப்புப் பட்டதும் சிவந்து பயமுறுத்தும், வெயிலில் போட்டால் ஓடிவிடும்.

"தட்டைப் பாருடி. துணியை ஏன் முறைக்கறே?"

"நல்லாத்தான் வெளுத்திருக்கு" என்றேன், மனமில்லாமல். சொல்லிக்கொண்டே விரிப்பின் மூலையைத் திருப்பினேன். சலவைக்காரர்கள் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் செய்கிற காரியம். மூலை மடிப்பில்தான் சலவைக்குறி இருக்கும். யார் துவைத்தது என்று சொல்லும் சின்னத் தையல். எங்கள் குறி பச்சை நூல்.

பச்சை நூல் இல்லை. அதைப் பிரித்தெடுத்த ஊசித்துளைகள் இருந்தன. பக்கத்தில் புதிதாக நீல நூலில் ஒரு குறி.

சொந்த மெஷினில் துவைப்பவர்களுக்குக் குறி எதற்கு? தங்கள் துணி எங்கே தொலைந்துபோகும் என்று பயம்?

நீலத் தையலை இன்னும் நெருக்கத்தில் பார்த்தேன். முடிச்சு மேல்பக்கம் விழுந்திருந்தது. எல்லோரும் முடிச்சை அடியில் மறைப்பார்கள். மேலே போட்டால் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் அமுங்கி, பிரியாமல் நிற்கும் என்று நான்தான் ஒருத்திக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் தம்பி மனைவிக்கு.

விரிப்பின் மூலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"துணியில ஏதாவது குறையாம்மா?"

உணவகத்தின் சொந்தக்காரி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த, கனத்த, சிரித்த முகம். அவளுக்கு என்னைத் தெரியாது. துணி எடுக்கவும் கொடுக்கவும் தம்பிதானே வருவான்.

"குறை ஒண்ணும் இல்லை. நல்ல வெளுப்பு. மெஷின் புதுசா?"

"மெஷினா? அடுப்பு வைக்கவே இடம் இல்லாம இடிச்சிக்கிட்டு நிக்கறோம், மெஷினை எங்கம்மா வைப்பேன்? வெளியிலதான் போடறோம். ரயில் பாலத்துக்குப் பக்கத்துல புதுசா ஒருத்தர்."

"முன்னால எங்கே போட்டீங்க?"

கேட்டிருக்க வேண்டாம். அவளுக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது.

"பெரிய சலவை நிலையம் இருக்கே, அங்கதான். அங்க ஒரு அம்மா இருந்தாங்களாம், கறை பாக்கறதுல கெட்டிக்காரி. பாவம், இப்போ ரெண்டு கண்ணும் மங்கிப்போச்சாம். ஒத்துக்கவும் மாட்டேங்கறாங்களாம். கட்டுக்கு நடுவுல கறைத்துணியா வந்துச்சு. சாப்பிட வர்றவங்க முன்னாடி அதை விரிச்சா யார் மானம் போகும்? அப்புறம் அவங்க தம்பியே வந்தார். 'அக்காகிட்ட ஒண்ணும் சொல்ல முடியல, நான் தனியா செஞ்சு தர்றேன்'னார். தங்கமான மனுஷன். அக்காவைப் பத்திச் சொல்லும்போது கண்ணு கலங்கிட்டார்."

"கலங்கினாரா?"

"தண்ணியே வந்துடுச்சும்மா."

ஊசி தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. நெத்திலியை எண்ணிக்கொண்டிருப்பவள் போல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த இடத்தில் எழுந்து நின்று, "அந்தக் குருடி நான்தான்" என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. எங்கள் வீட்டு அழுக்கை அடுத்தவர் சாப்பாட்டு மேசையில் நான் கொட்டுவதில்லை.

"பாவம்தான்" என்றேன். "அந்தச் சம்பல் இன்னும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லுங்க."

அவள் போன பிறகும் நான் சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவது தோற்றவர்கள் செய்வது.

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"உனக்குத் தெரியும்."

"தனிக் கடை வெச்சது தெரியாது. சத்தியமா தெரியாது."

"மத்தது?"

ஊசி தண்ணீர் குடித்தாள். "உன் தம்பி என் வீட்டுக்கு வந்தான். அக்காவுக்குக் கண்ணு தெரியல, என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறா, நீங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னான். அழுதான்டி."

"போற இடமெல்லாம் அழுதிருக்கான். இந்த ஊருக்குத் தண்ணிப் பஞ்சமே வராது."

"சாப்பிட்டு முடிச்சதும் பக்குவமா சொல்லலாம்னு நெனச்சேன்."

"இந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போன்னு அவனா சொன்னான்?"

"ஐயோ, இல்ல. சோறு நல்லா இருக்கும்னு நானாத்தான்..."

அதுதானே பார்த்தேன். எல்லாவற்றையும் யோசித்துவைத்த அந்தக் கெட்டிக்காரன், ஊசியின் நாக்கு ருசியை யோசிக்கவில்லை.

"எத்தனை வருஷப் பழக்கம் நமக்கு? என் கண்ணைப் பத்தி என்கிட்ட கேக்கத் தோணலையா?"

"கேட்டா கத்துவே."

"இப்போ மட்டும் என்ன கொஞ்சிக்கிட்டா இருக்கேன்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்போ உனக்கு நல்லாத்தான் தெரியுதா?"

"உன் இடது காதோரம் தலைச்சாயம் விட்டுப்போயிருக்கு. பின்கழுத்துல வழிஞ்சிருக்கு. இன்னும் சொல்லவா?"

அவள் கை தன்னால் காதுக்குப் போயிற்று. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டேன். சிரித்தால் கோபம் கரைந்துவிடும். சாயங்காலத்துக்கு எனக்கு அது முழுசாக வேண்டியிருந்தது.

"நானும் வர்றேன். அவன் மூஞ்சிக்கு நேரா கேக்கறேன்" என்றாள், வாசலில்.

"வேண்டாம். நீ என் சிநேகிதி. இது என் வீடு."

"இப்பவும் வீம்பு."

"எப்பவும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

*

வீட்டுக் கூடத்தில் மாமா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் குடும்பத்தில் எது நடந்தாலும் சாட்சிக்கு அவர்தான். தம்பி புதுச் சட்டை போட்டிருந்தான். எங்கள் கடையில் துவைப்பவள் அவன் மனைவிதான், சலவை அறையிலிருந்து நேராக வந்திருப்பாள் போலிருந்தது. கை இன்னும் ஈரம்.

"வா அக்கா, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். சாப்பாடு எப்படி?"

"நல்லா இருந்துச்சு. துணி அதைவிட நல்லா இருந்துச்சு. ரயில் பாலத்துக்குப் பக்கத்துல துவைக்கறாங்களாம்."

தம்பி மனைவியின் கண் தரைக்குப் போயிற்று. தம்பியின் முகம் அசையவில்லை. அது வேறு வகை.

"யாரோ ஏதோ சொன்னா..."

"யாரோ இல்லடா. நீ கண்ணைக் கசக்கிக் காட்டின அம்மாவே சொன்னாங்க. நான் யாருன்னு தெரியாம, எனக்காகப் பரிதாபப்பட்டாங்க. நான் உக்காந்து கேட்டுக்கிட்டே சோறு தின்னேன். என் அக்கா குருடின்னு எத்தனை கடைப் படி ஏறிச் சொன்னே?"

மாமா தேநீரைக் கீழே வைத்தார். "என்னடா இது?"

"ஆமா, தனியாத்தான் வெச்சேன்!" தம்பி எழுந்துவிட்டான். "வேற என்ன செய்யச் சொல்றே? இந்த வருஷம் தர்றேன், அடுத்த வருஷம் தர்றேன்னு நீ சொல்லிக்கிட்டே இருந்தே. நான் இந்த வயசுலயும் உன் பின்னால மூட்டை தூக்கறேன். வாடிக்கைக்காரங்க என்னைப் பாத்து 'அக்காகிட்ட கேட்டுட்டு வாங்க தம்பி'ங்கறாங்க. அறுபதைத் தொடப்போற தம்பி!"

அதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். நான் இழுத்தடித்தது உண்மை. ஆனால் அதை என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால், கூடத்தில் இரண்டு பேரும் சண்டை போட்டு முடித்திருப்போம். எங்கள் அப்பா பெற்ற பிள்ளை, கடை கடையாகப் போய் உடன்பிறந்தவளின் கண்ணைப் பிடுங்கி விற்றிருக்கிறான்.

"கோபம் இருந்தா என்னை அடிச்சிருக்கலாம். என் தொழிலை ஏன்டா அடிச்சே?"

"நான் சொன்னது பொய்யின்னா சொல்றீங்க?"

தம்பி 'நீங்க' என்று ஆரம்பித்தால் உள்ளே ஏதோ தயாராக வைத்திருக்கிறான் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே அப்படி.

உள்ளே போனான். ஒரு வெள்ளை மேசைவிரிப்பைக் கொண்டுவந்து ஜன்னல் பக்கமிருந்த மேசையில் உதறி விரித்தான்.

"இதுல கறை இருக்கு. எங்க இருக்குன்னு சொல்லுங்க பாக்கலாம். மாமா, நீங்க சாட்சி."

நான் மேசைக்குப் போனேன். வெளிச்சம் இன்னும் நன்றாகவே இருந்தது. குனிந்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தேன். துணியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். விரல்நுனியால் தடவினேன், கறை எடுத்த இடம் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குச் சொரசொரக்கும். மோந்தும் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை.

ஒருவேளை இவன் சொன்னதுதான் நிஜமோ? குருடானவளுக்குத் தான் குருடு என்று எப்படித் தெரியும்? ஏதாவது ஒரு மூலையைக் காட்டி, "இதோ" என்று சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. இல்லாத கறையை இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

"இதுல கறை இல்ல" என்றேன்.

தம்பி சிரித்தான். சத்தம் போட்டுச் சிரித்தான்.

"கேட்டீங்களா மாமா? இதோ பாருங்க, இந்த இடத்துல. எவ்வளவு பெருசா, மஞ்சளா!"

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். அந்தத் தடிமன் கண்ணாடிக்கு முன்னால் ஒரு யானை நின்றிருந்தாலும் அவருக்குத் தெரியாது.

"ஆமா... ஏதோ இருக்கற மாதிரிதான் தெரியுது."

"மஞ்சள் குழம்பு மாமா. சரியா துவைக்காம விட்டது. இதைப் பாத்து இல்லேங்கறாங்க. இவங்ககிட்ட கடையை வெச்சுக்கிட்டு..."

"எதை சரியா துவைக்கல?"

குரல் எங்கிருந்து வந்தது என்று புரிய எனக்கு ஒரு கணம் ஆயிற்று. தம்பி மனைவி இந்தக் கூடத்தில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

"நீ சும்மா இரு" என்றான் தம்பி.

"எதை சரியா துவைக்கலேன்னு கேக்கறேன். நேத்து நான் துவைச்ச துணி அது. ஊற வெச்சு, கையால தேய்ச்சு, வெயில்ல திருப்பித் திருப்பிப் போட்டு எடுத்தது. அதுல மஞ்சள் கறையா? எங்க இருக்கு? காட்டுங்க."

"உள்ள போடீ!"

அவள் உள்ளே போகவில்லை. மேசைக்கு வந்தாள். அவன் விரல் வைத்திருந்த இடத்திலிருந்து அந்த விரலைத் தள்ளிவிட்டாள்.

"மடிப்பு நிழலைக் காட்டிக் கறைங்கறீங்க. நீங்க சொன்னதை எல்லாம் செஞ்சேன். பச்சை நூலைப் பிரிக்கச் சொன்னீங்க, பிரிச்சேன். நீலம் போடச் சொன்னீங்க, போட்டேன். வாயைத் திறக்கல. ஆனா என் துணியைக் கறைன்னு சொல்லாதீங்க. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நான் துவைச்சு ஒண்ணுகூடக் கறையோட வெளியில போனதில்ல."

"அப்போ அந்த ஓட்டலுக்குப் போனது?" என்று கேட்டேன்.

"அது துவைக்காத துணி அண்ணி. நீங்க பாத்து முடிச்சுக் கட்டினப்புறம், இவர்தான் கட்டைப் பிரிச்சு நடுவுல சொருகினார்." சொன்ன வேகத்திலேயே திரும்பி அவனைப் பார்த்தாள். "துவைக்காதது! துவைச்சது இல்ல!"

உடந்தையாக இருந்ததற்கு அவள் வெட்கப்பட்டாளோ இல்லையோ, அந்த வித்தியாசத்தை மட்டும் உலகம் முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் நின்ற நிலை இருந்தது.

மாமா மெல்ல நாற்காலிக்குத் திரும்பினார். "நான் நெனச்சேன், கறை மாதிரி தெரியலையேன்னு" என்று முனகினார்.

தம்பிக்கு வியர்த்திருந்தது. "அக்கா, குடும்பத்துக்குள்ள..."

"குடும்பம்கற வார்த்தையை நீ இன்னைக்குச் சொல்லாதே."

நான் அவளைப் பார்த்தேன். குறி மாற்றியவள். எல்லாம் தெரிந்தும் தினம் எனக்குச் சோறு போட்டவள். அவள் கன்னத்தில் அறையலாம் போலவும் இருந்தது. ஆனால் கறை மேசைக்கு வேண்டியது, இல்லாத கறையை யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாத பிடிவாதம், அந்தக் கூடத்தில் என்னை விட்டால் அவளிடம் மட்டும்தான் இருந்தது.

"மாமா, இன்னைக்குக் கடையை ஒப்படைக்கறேன்னு சொன்னேன். ஒப்படைக்கறேன். இவகிட்ட."

"யார்கிட்ட?" என்றார் மாமா.

"இவகிட்டதான்."

அவள் அதிர்ந்துபோய்ப் பின்னால் நகர்ந்தாள். "அண்ணி, என் மேல உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"இருக்கு. நெறைய இருக்கு. அது வீட்டுக்குள்ள தனியா தீர்த்துக்கலாம், அதுக்கு எனக்கு அவசரமே இல்லை. இது கடை. நாளைக்குக் காலையில கறை மேசையில நீ உக்காரு. கடையிலே உன் பேச்சுதான். என்கிட்டகூட நீ கேக்க வேண்டியதில்லை."

"உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு!" தம்பி இருவருக்கும் நடுவில் வந்து நின்றான். இப்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். குரல் தாழ்ந்திருந்தது. "இங்க பாரு. நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னே, உனக்கும் எனக்கும் அதோட முடிஞ்சுது. நாளைக்கு அந்த மேசைக்கு நீ போகலாம். சாயங்காலம் என் வீட்டுக்குத் திரும்பி வர முடியாது."

"இது அப்பா கட்டின வீடு" என்றேன்.

"நான் உன்கிட்ட பேசல அக்கா."

அவன் சொன்னது சரி. இனிமேல் பேச வேண்டியது அவள். நான் எவ்வளவு கத்தினாலும் அந்த ஒரு வார்த்தையை அவளுக்குப் பதிலாக நான் சொல்ல முடியாது.

மாமா அவளைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஈரக் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். முன்பக்கம், பின்பக்கம், விரல் இடுக்கு. கை எப்போதோ உலர்ந்துவிட்டது. அவள் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.